ட்ரிப் ஆகுதுண்ணே, கழட்டி விட்டாச்சு

காரைக்குடிக் கல்யாணத்தில் வெள்ளைப் பணியாரத்தின் ஓரம் சிவந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நாலு ஆச்சிமார் அடுப்படியிலேயே நிற்பார்கள். சாம்பாருக்கு உப்புப் பார்க்கத் தனியாக ஒரு சித்தப்பா உண்டு. மண்டபத்தின் பின்பக்கம், எச்சில் இலை கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூண்டுக்குள் நிற்கிற ஜெனரேட்டரைப் பார்க்கத்தான் நாதியில்லை. அப்படிச் சொன்னாலும் பாவம். வருஷத்துக்கு ஒருநாள் பார்க்கிறார்கள், ஆயுத பூஜையன்று.

அப்படி ஒரு கூண்டை அண்மையில் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அவசரத்துக்கு அமுக்கி நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பல வருஷத்துச் சந்தனம் காய்ந்து இறுகி, பொத்தானை அசையவிடாமல் பிடித்திருந்தது. ஆயில் குறைந்தால் என்ஜினை நிறுத்துகிற ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து வரும் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, பக்கத்துக் குழாயோடு கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “அது சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுண்ணே. முகூர்த்த நேரத்துல நின்னா யாரு பேச்சு வாங்குறது? அதான் கழட்டி விட்டாச்சு” என்றார் ஆபரேட்டர். கூண்டுக் கதவில் தொங்கிய சர்வீஸ் கார்டில், ‘சேஃப்டி’ என்ற கட்டத்துக்கு நேரே, மாதம் தவறாமல் ஓ.கே. இன்னும் வராத மாதத்துக்கும் ஓ.கே.

அந்த ஆபரேட்டர் மேல் எனக்குக் கோபமில்லை. ஏன் ட்ரிப் ஆகிறது என்று கேட்க வேண்டியவர்கள், ஏன் நின்றது என்று மட்டும் கேட்டால், அவர் வேறென்ன செய்வார்?

இத்தனைக்கும் சேஃப்டி வேலை செய்கிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்றும் ராக்கெட் வித்தையில்லை. லோடு இல்லாமல் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் பிரஷர் வயரை என்ஜின் உடம்பில் தொட்டால், பெரும்பாலான செட்டுகளில் அது உடனே நிற்க வேண்டும். சூடு பார்க்கிற சென்சாரைக் கழற்றி, தெர்மாமீட்டர் போட்ட வெந்நீரில் முக்கினால், குறித்த டிகிரியில் வேலை செய்ய வேண்டும். வேகம் மீறினால் நிற்கிறதா என்று பார்க்க, 1500 சுற்றில் ஓடுகிற என்ஜினை வெறிபிடித்து ஓடவிட வேண்டியதில்லை. கன்ட்ரோலரில் எல்லையை இறக்கி வைத்தால் போதும். கடைசியாகச் சிவப்புப் பொத்தான். பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு வர வேண்டும். அரை நாள்கூடப் பிடிக்காது.

மண்டபத்தில் என்ன போச்சு, ஏசி நிற்கும், மாப்பிள்ளைக்கு வியர்க்கும். ஆனால் இதே மனசுதானே ஆஸ்பத்திரிக் கூண்டுக்கும் சாவி வைத்திருக்கிறது?

சிவகங்கைச் சீமையில் கை மீறிய கேஸ் எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் மதுரைப் பெரியாஸ்பத்திரி. 2019 மே 7 மாலை, அங்கே காற்றும் மழையும் வந்து கரண்டு போனது. ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்த ஐந்து பேர் இறந்தார்கள். மின்தடைதான் கொன்றது என்று உறவினர்கள் கதறினார்கள். வென்டிலேட்டரில் பேட்டரி இருந்தது, நோயாளிகள் ஏற்கெனவே கவலைக்கிடம் என்றது நிர்வாகம். ஆக, நம் நாட்டில் ஜெனரேட்டர் எப்போதும் நல்ல நிலையில்தான் இருக்கும். கவலைக்கிடமாக இருப்பது நோயாளி மட்டுமே. செத்தவன் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம், அவன் சர்வீஸ் கார்டைக் கேட்க மாட்டான்.

அதற்கு மூன்றரை வருஷம் முன்பே, 2015 டிசம்பரில், சென்னை மணப்பாக்கத்தில் அடையாற்று வெள்ளம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஜெனரேட்டரை மூழ்கடித்து, 18 நோயாளிகள் இறந்த சேதி நாடெங்கும் ஓடியது. அன்றைக்கே ஒவ்வொரு ஊரிலும் கூண்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா?

ஒரு கேள்வி நியாயமாக வரும்: உயிர் ஊசலாடும்போது, ஆயில் குறைந்தது என்று என்ஜின் தானாக நிற்கலாமா? நல்ல கேள்வி. தீப் பாதுகாப்புக்கு விதி எழுதுகிற அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. அமைப்பு இதை யோசித்திருக்கிறது. தீயணைப்பு பம்பை ஓட்டும் டீசல் என்ஜின், கட்டடத்தில் தீப்பிடித்ததும் தானாகக் கிளம்பியபின் ஆயில் குறைந்தாலும் சூடேறினாலும் நிற்கக் கூடாது; வேகம் மீறினால்தான் நிற்கலாம். என்ஜின் கெட்டால் கெடட்டும், கட்டடம் பிழைக்கட்டும் என்ற கணக்கு. அங்கே உட்கார்ந்து பேசி, எழுதி வைத்து முடிவெடுத்தார்கள். இங்கே முடிவெடுத்தது ஒரு கொறடு.

பேட்டரி கதை இன்னும் கொடுமை. அவசரத்துக்கு ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் செத்த பேட்டரிதான். பேட்டரியையும் ஆராய்வதற்காக, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்த ஊரில் பேட்டரி டெர்மினலில் பூத்த பச்சைப் பூவைத் துடைக்க ஒரு கோப்பை வெந்நீர் கிடைக்கவில்லை.

சோதனைக்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. மின்வாரியமே மாதாமாதம் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை எடுத்துவிடுகிறது, அதுவும் பேப்பரில் முன்கூட்டியே போட்டு. அன்றைக்கு ஜெனரேட்டர் ஓடினால் ‘எல்லாம் சரி’ என்று டீ குடிக்கப் போகிறோம். ஓட்டிப் பார்ப்பது பாதிச் சோதனை. நிறுத்திப் பார்ப்பது மீதி. அந்த மீதிக்குத்தான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

கலெக்டர்களுக்கும் அமைச்சர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆஸ்பத்திரி வாசலில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர் என்று பளிங்குக் கல் வைக்கிறீர்கள். அதற்குக் கீழே, ஜெனரேட்டரின் சேஃப்டியைக் கடைசியாகச் சோதித்துப் பார்த்தவர் பெயரையும் தேதியையும் சாக்பீஸிலாவது எழுதச் சொல்லுங்கள். கல்லில் இடமில்லை என்றால், உங்கள் பெயரைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள்.