கடலோர உதயப் படங்களின் சாட்சிய மதிப்பு: ஓர் அறிமுக ஆய்வு

சூரியன் உதிப்பது செய்தியே அல்ல. நேற்றும் உதித்தது, நாளையும் உதிக்கும்; நேரம்கூட நாள்காட்டித் தாளில் அச்சாகிச் சுவரில் தொங்குகிறது. அப்படியிருந்தும் சென்னையில் சிலர் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுகிறார்கள். யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்று பூனைநடை நடந்து, கேமராப் பையின் ஜிப்பை இழுக்கும் ஓசையில் வீடு முழுவதையும் எழுப்பிவிட்டு, மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ கோவளத்துக்கோ வண்டியை விடுகிறார்கள். இவர்கள் பத்திரிகைப் படக்காரர்கள் அல்லர். அந்தப் படத்துக்குக் காசு கொடுப்பாரும் இல்லை. பின் ஏன் போகிறார்கள்?

அழகுக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஏற்புடையதன்று. அழகுதான் காரணம் என்றால் முதல்முறை எடுத்த படமே ஆயுளுக்கும் போதும். அதே கடல், அதே சூரியன், அதே படகு என்று வாராவாரம் எடுத்துக் குவிப்பதை அழகியல் விளக்காது. சாட்சியச் சட்டம்தான் விளக்கும். இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: உதயப் படத்தில் சூரியன் வெறும் சாட்சி. அங்கே நிரூபிக்கப்படுவது, எடுத்தவர் அந்நேரத்துக்கு விழித்திருந்தார் என்பது. எந்தத் தாசில்தாரும் தராத சான்றிதழ் அது.

முன்னோடிகளைச் சற்றுப் பார்த்துவிடுவோம். நக்கீரர் திருமுருகாற்றுப்படையைக் கடல்மேல் தோன்றும் ஞாயிற்றைக் காட்டித்தான் தொடங்குகிறார். ஆனால் அதைக் காண அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற தகவல் பாட்டில் இல்லை. இளங்கோவடிகள் திங்களை முதலில் போற்றிவிட்டு ஞாயிற்றை இரண்டாமிடத்தில் வைத்தார். இரவில் தாமதமாகப் படுக்கும் பழக்கம் உள்ளவரோ என்று ஐயுற இடமுண்டு. பிரான்சில் குளோத் மோனே 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்து உதயத்தை வரைந்தார்; அந்த ஓவியத்தின் தலைப்பிலிருந்துதான் ஓர் ஓவிய இயக்கத்துக்கே இம்ப்ரஷனிசம் என்று பெயர் ஒட்டியது. ஆனால் அவர் அதை ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்ததாகச் சொல்கிறார்கள். செருப்பில் மணல் ஏறாதவரை நம் ஆட்கள் சங்கத்தில் சேர்க்கமாட்டார்கள்.

உண்மையான தத்துவச் சிக்கலை உண்டாக்குபவர் தொல்காப்பியர். வைகறையையும் விடியலையும் அவர் மருதத்துக்கு எழுதிவைத்துவிட்டார். நெய்தலுக்கு ஒதுக்கியது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை. இலக்கணப்படி பார்த்தால் விடியலில் ஒருவர் நிற்கவேண்டிய இடம் வயல் வரப்பு. ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் முக்காலியை நட்டுக்கொண்டு நிற்பவர் அப்பட்டமான திணை மயக்கத்தில் இருக்கிறார். நல்லவேளையாக, நிலம்தான் மயங்கக் கூடாது, காலம் மயங்கலாம் என்று பொருளதிகாரம் விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையில்தான் பெசன்ட் நகர் பிழைக்கிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்பதையும் இவ்விடத்தில் மறக்கலாகாது. நாலரை மணி அலாரத்துக்கும் ஊடலுக்கும் உள்ள தொடர்பை மணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனி மையப் பொருளுக்கு வருவோம். ஒரு படத்தில் கடல்மேல் சிவந்த வட்டம் ஒன்று நிற்கிறது. அது எழுகிறதா, விழுகிறதா? படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. மாலைக் காற்றில் தூசு கூடுதல், அதனால் அந்திச் சிவப்பு அடர்த்தியாக இருக்கும் என்று வாதிடும் தரப்பு ஒன்று உண்டு; கைப்பேசியில் ஒரு பட்டையை விரலால் நகர்த்தினால் அந்த வாதம் கரைந்துபோகும். ஆகவே மும்பையிலோ கோவாவிலோ கோழிக்கோட்டிலோ எடுத்த கடல் சூரியனுக்குச் சாட்சிய மதிப்புக் கிடையாது. அங்கே ஒருவர் பத்து மணிவரை தூங்கி, பிரியாணி சாப்பிட்டு, மறுபடியும் தூங்கி, சாயங்காலம் கடற்கரைக்குப் போய் எடுத்த படத்தை மறுநாள் காலையில் ‘குட் மார்னிங்’ என்று அனுப்பிவிடலாம். கேட்க நாதியில்லை.

சென்னைக்காரருக்கு அந்த வசதியை இயற்கை தரவில்லை. நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் மயிலாப்பூர் மொட்டைமாடிகளுக்குப் பின்னால், கேபிள் ஒயர்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவே எங்கோ மறைகிறது. கடலும் சூரியனும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன என்றால் எடுத்தவர் விடியலில் அங்கே நின்றிருந்தே ஆகவேண்டும். பொய் சொல்ல ஆசைப்பட்டாலும் புவியியல் இடம்கொடாது. புதுச்சேரி, நாகப்பட்டினம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியனவும் இந்த நேர்மை வளையத்துக்குள் வருகின்றன. கொழும்புக் காலிமுகத் திடல் வராது.

கன்னியாகுமரி ஒரு தலைவலி. அங்கே சூரியன் கடலிலிருந்து எழுவதையும் பார்க்கலாம், பருவம் ஒத்துழைத்தால் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு அது அதிசயம். சான்றியலாளருக்கு அது கலப்படம். திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் சூரியனுக்கு எந்தப் பக்கம் விழுகின்றன என்று கணக்குப் போட்டுத்தான் காலையா மாலையா என்று முடிவுகட்ட வேண்டும். இந்த வேலையெல்லாம் பெசன்ட் நகரில் இல்லை. அங்கே பாதிப் படங்களில் கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னத்தின் வளைவு வந்துவிடும். 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க்காரருக்கு எழுப்பியது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அது அனேகருடைய விடியலுக்கு இட முத்திரை குத்திக்கொண்டு நிற்கும் என்று கட்டியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

கருதுகோளுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமியன்று முழுநிலா, சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கே கடலிலிருந்து எழுகிறது. வானத்தில் இரண்டின் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான், அரை டிகிரி. அடிவானத்து ஒளி காற்றின் மிகத் தடித்த அடுக்கைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. நிலாவுக்கும் அதே விதிதான். ஷட்டரைச் சில விநாடி திறந்துவைத்தால் நிலா ஒளிப்பிழம்பாகி, தண்ணீரில் பொன்பாதை விழுந்து, அசல் விடியலாகவே தெரியும். ஆக, மாலை ஆறரைக்கு மெரினாவில் நின்றுகொண்டே ஒருவர் அதிகாலைச் சான்றிதழ் தயாரிக்கலாம்.

இந்தக் கள்ளச் சான்றைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. படத்தின் நடுவைப் பார்க்கக் கூடாது, மூலைகளைப் பார்க்கவேண்டும். மாலை மெரினா என்றால் எங்காவது ஒரு சுண்டல் தூக்கு, மிளகாய் பஜ்ஜிக் கடையின் பல்பு, பலூன் சுடும் பலகை, குறைந்தபட்சம் ஒரு குதிரையின் வால் சட்டகத்துக்குள் நுழைந்திருக்கும். காலை மெரினாவின் அடையாளங்கள் வேறு: அருகம்புல் சாற்று வண்டி, கைகளைத் தூக்கிக் கூட்டமாகச் சிரித்துப் பயிற்சி எடுப்பவர்கள், 22 டிகிரிக் குளிருக்குக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு நடக்கும் பெரியவர். குரங்குக் குல்லாய் தெரிந்தால் வேறு ஆதாரமே கேட்கவேண்டாம். படக்கோப்புக்குள்ளேயே எடுத்த நேரம் பதிவாகியிருக்குமே என்று கேட்கலாம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பும்போது அந்த விவரம் உதிர்ந்துவிடுகிறது. குல்லாய் உதிர்வதில்லை.

எல்லாச் சான்றுக்கும் ஒரே மதிப்பெண் போடுவதும் நியாயமன்று. சென்னையில் மே மாதக் கடைசியில் சூரியன் 5.42 அளவில் எழும். ஜனவரிக் கடைசியில் அதுவே 6.36 ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூக்கம் இடையில் இருக்கிறது. நல்ல நிறங்கள் வேண்டுமென்றால் உதயத்துக்கு 20, 25 நிமிடம் முன்னதாகவே போய் நிற்கவேண்டும் என்பதால் மே மாதப் படத்துக்கு நாலு மணி எழுச்சி தேவைப்படுகிறது. ஜனவரிப் படத்தைத் தூக்கமில்லாத எந்தப் பெரியவரும் எடுத்துவிடுவார். போகிக் காலைப் படத்துக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம். ஊரெல்லாம் கொளுத்திய புகையில் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய செந்தட்டாகச் சூரியன் வரும். எடுத்தவர் இருமிக்கொண்டே எடுத்திருப்பார்.

இனி சாட்சியின் யோக்கியதை. வட்டத்தின் மேல்விளிம்பு எட்டிப்பார்ப்பதிலிருந்து முழுதாகக் கடலை விட்டு விலகச் சென்னையில் 2 நிமிடமும் சில விநாடிகளும் ஆகும். வளிமண்டலம் ஒளியை வளைத்துத் தருவதால், வட்டம் கடல்கோட்டின்மேல் உட்கார்ந்திருப்பதாக நாம் பார்க்கும் அந்தக் கணத்தில் உண்மைச் சூரியன் முழுக்கக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த ஒளி புறப்பட்டதும் 8 நிமிடத்துக்கு முன்பு. சாட்சி சம்பவ இடத்திலேயே இல்லை! எந்த நீதிமன்றமும் இதைக் கேட்டு வழக்கைத் தள்ளுபடி செய்துவிடும். நல்ல காலம், இங்கே தீர்ப்பு வழங்குவது சித்தப்பாவும் அத்தையும் இருக்கும் குடும்பக் குழு.

கருவியும் தன் பங்குக்குச் சதி செய்கிறது. கேமராவோடு கொடுக்கும் 18-55 லென்ஸை முழுக்க இழுத்து 55இல் வைத்தாலும் சென்சார்மேல் விழும் சூரியனின் அளவு அரை மில்லிமீட்டர். படத்தின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. 14 லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ள நட்சத்திரம் கடுகளவில் வந்து சேர்கிறது. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா அந்த ஆரஞ்சு நிறத்தை ஏதோ கோளாறு என்று எண்ணிச் சரிசெய்துவிடும். அதனால் மேகமே இல்லாத வானத்தின்கீழ் நின்றுகொண்டு ‘மேகமூட்டம்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சூரியனின் வெளிச்சத்தைப் பார்த்து மிரண்ட மீட்டர் மற்ற எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுகிறது. படகும் ஆளும் கரிய நிழலுருவாக நிற்கும் படங்களுக்குக் கலைநயம் என்று பெயர். ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்த கேமராவோ, ஈரக்காற்றுப் பட்டதும் கண்ணாடியில் வியர்த்துக் கால்மணி நேரத்துக்கு எதையும் காட்டாது. சட்டை நுனியால் துடைத்தால் உப்பும் சேர்ந்து தேயும்.

மேகத்தைப் பற்றி இதுவரை பேசாமல் இருந்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தை விடுங்கள், வானம் தெளிந்திருக்கும் நாளிலும் கடல்கோட்டின்மேல் விரலளவு உயரத்துக்கு ஒரு மங்கல் பட்டை அடிக்கடி உட்கார்ந்திருக்கும். நாள்காட்டி நேரத்துக்குச் சூரியன் எழுந்துவிடும். ஆனால் கண்ணுக்கு வராது. இதை முன்கூட்டிச் சொல்லக்கூடியவர்கள் கரையில் இருக்கிறார்கள். களத்தில் கேட்ட உரையாடல் ஒன்றைப் பதிவுசெய்கிறேன். ஃபைபர் படகு ஒன்று அப்போதுதான் அலையைத் தாண்டி வந்திருந்தது. இளைஞர் ஒருவர் கேமராவும் கையுமாக ஓடினார்.

“அண்ணே, அப்படியே கொஞ்சம் நில்லுங்க. சூரியன் வந்ததும் ஒரே ஒரு படம்.”

“சூரியனா? அடியில மோடம் கட்டிகினுகீது தம்பி. மேல ஏறித்தான் வரும். சும்மாத்தானே நிக்கிற, இந்தக் கயித்தப் புடி.”

பிடித்தார். படகைக் கரையேற்ற ஆறேழு பேர் தோள்கொடுக்க, இவர் கேமராவை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் கயிற்றை இழுத்தார். படகு உலர்ந்த மணலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் சூரியன் மோடத்தை உடைத்துக்கொண்டு ஒரு சாண் உயரம் போயிருந்தது. நிறமெல்லாம் வெளுத்துவிட்டது. படம் இல்லை. ஆனால் வலையைப் பிரித்தவர் நாலு சங்கரா மீனை ஒரு கவரில் போட்டுக் கையில் திணித்தார். ஆய்வு நோக்கில் அந்தக் கவர் எந்தப் படத்தையும் விட உயர்ந்த ஆவணம். ஆறரை மணிக்கு மீனோடு வீட்டுக்குள் நுழைபவரிடம் எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எழுப்பிவிட்ட கோபமும் குழம்பு கொதிக்கும் வரைதான்.

மீன் கிடைக்காத பெரும்பான்மையோர் படத்தையே நம்பியிருக்கிறார்கள். எடுத்து முடித்ததும் சுக்குக் காபிக் கோப்பையோடு மதில்மேல் உட்கார்ந்து, இருப்பதில் ஒன்றைத் தேர்ந்து ஆறே முக்காலுக்குக் குடும்பக் குழுவில் ஏற்றுகிறார்கள். வீட்டுக்குப் போய் நிதானமாக ஏற்றலாமே என்று கேட்காதீர்கள். பத்து மணிக்கு வந்த சான்றிதழை யார் மதிப்பார்கள்? அதற்குக் கிடைக்கும் பதில்கள்தாம் வேதனை. அத்தை ஒரு ரோஜாப்பூவை அனுப்புகிறார். சித்தப்பா, “சூப்பர். எந்த போன்?” என்கிறார். மூன்றாவதாக ஒருவர் அதைவிடப் பெரிய சூரியன் இருக்கும் ஒரு ரெடிமேடு படத்தை, பொன்மொழியோடு, பதிலுக்குப் போடுகிறார். நாலு மணியிலிருந்து பட்ட பாடு அத்தனையும் ஒரு கட்டைவிரலில் முடிந்துபோகிறது.

ஆகவே படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படம் உங்களுக்கு வந்தால் நிறத்தைப் புகழ வேண்டாம், ஒளியைப் புகழ வேண்டாம், எந்த லென்ஸ் என்றும் கேட்கவேண்டாம். “இதுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?” என்று ஒரு வரி போடுங்கள், போதும். பதில் கொஞ்சம் நீளமாகவே வரும். பொறுமையாகப் படியுங்கள்.