செவ்வாய்க்கிழமை மருந்து

திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடும் எங்கள் பெரியப்பாவுக்குப் பல வருஷத்துக்கு முன்னால் டிபி வந்தது. திங்கள், புதன், வெள்ளி மாத்திரை. விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் ஒண்ணுக்குச் செக்கச்செவேலென்று போகும். ரிஃபாம்பிசின் போடும் சாயம் அது. மறுநாள் பழையபடி வெளிறிவிடும். கருவேல மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்தவர் கேட்டார்: “செவ்வாக்கிழம மருந்து எங்கிட்டுடா இருக்கும்?”

இதைக் கண்டுபிடிக்கத்தான் பெரிய படிப்பே இருக்கிறது. உடம்பை ஓட்டைக் குடமாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஊற்றியது எவ்வளவு, குடம் எத்தனை பெரிசு, ஓட்டை எத்தனை பெரிசு. ரிஃபாம்பிசின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 3 மணி நேரம். காலை பத்துக்கு உச்சம் என்றால் ஒரு மணிக்குப் பாதி, நாலுக்குக் கால், ராத்திரி பத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு. அடுத்த வேளை புதன்கிழமை.

பெரியப்பா மூத்திரத்தைப் பார்த்துப் போட்ட கணக்கை அரசாங்கம் போட்டு முடிக்க 20 வருஷம் ஆனது. 1997-ல் திருத்திய காசநோய்த் திட்டம் வந்தபோது வாரம் மூன்று நாள். எதிரில் உட்காரவைத்து விழுங்கவைக்க அதுதான் தோதாம். கிருமிக்கும் தோதுதான். இடைவெளி விட்டுக் கொடுக்கலாம் என்பதற்கு ஆராய்ச்சியும் இருந்தது, சென்னையிலேயே நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்துத் தனியார் டாக்டரிடம் போனவருக்கு அன்றைக்கும் தினசரி மாத்திரைதானே? காசில்லாத நுரையீரலுக்கு மட்டும் வாரத்தில் நாலு நாள் லீவு.

2010-ல் உலகச் சுகாதார நிறுவனம் தினசரி மருந்தே மேல் என்றது. அரசாங்கம் அசையவில்லை. சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ரத்தம் எடுத்துப் பார்த்தது. மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராமாவது ஏறவேண்டிய மருந்து பல பேருக்கு ஏறவே இல்லை. அசையவில்லை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் செவ்வாய்க்கிழமையும் ஒரு கிழமை என்று டெல்லிக்குத் தெரிந்தது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்வார்கள். சோற்றோடு போட்டால் மருந்து ரத்தத்தில் ஏறுவது குறையும். இந்த நிபந்தனையை மட்டும் எங்கள் சீமை ஒரு நாளும் மீறியதில்லை. சத்துணவுக்கென்று மாசம் 500 ரூபாய் 2018-ல் வந்தது, 2024 நவம்பரில் 1000 ஆனது. நாளொன்றுக்கு 33 ரூபாய். அதை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நீட்டி ‘சத்து குடுங்க’ என்று ஒரு அதிகாரி கேட்டுக் காட்டட்டும்.

பாடப்புத்தகத்துக் குடம் 70 கிலோ ஆணுடையது. பழைய திட்டத்தில் 38 கிலோவும் 59 கிலோவும் ஒரே குடம், ஒரே 450 மில்லிகிராம். பெரியப்பாவை எடை போட்டது சீட்டு எழுதிய அன்றைக்கு மட்டும். கரி யாவாரி அப்படியில்லை. ஒவ்வொரு மூட்டையையும் தராசில் ஏற்றி, தூசிக்கென்று இரண்டு கிலோ கழிப்பான். ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு இவரே தராசில் ஏறி நின்றார்.

“எனக்குத் தூசி எவ்வளவுடா கழிப்ப?”