நீண்டநாள் பாவனை

சுங்கத் தீர்வை அட்டவணையில் பயணப் பைக்கு வீடு 42ஆம் அத்தியாயம். தோல் சாமான்களின் அத்தியாயம். பையில் மருந்துக்கும் தோல் இல்லாமல் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் அந்த அத்தியாயத்தின் 4202ஆம் தலைப்புத்தான். பிளாஸ்டிக்குக்கென்று 39ஆம் அத்தியாயம் இருக்கிறதே என்று கேட்டால், 4202இன் ஆட்கள் இங்கே வேண்டாம் என்று அதன் குறிப்பே கதவைச் சாத்திவிடுகிறது.

ஒரு விலக்கு உண்டு. கைபிடி வைத்த பிளாஸ்டிக் தாள் பை, நீண்டநாள் பாவனைக்கென வடிவமைக்கப்படாததாயின், பொதிசெய்யும் பொருட்களோடு 3923க்குப் போகும்.

இந்த வரியை எழுதியவர்கள் மானிப்பாய்ப் பக்கம் வந்ததில்லை. எங்கள் ஆச்சியின் அலுமாரியில் லண்டன் கடையொன்றின் சொப்பிங் பை இருக்கிறது. கடையின் பெயர் எப்போதோ அழிந்துவிட்டது. காணி உறுதி, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் சுமந்தபடி பன்னிரண்டாவது வருடமாக உத்தியோகத்தில் இருக்கிறது; ஓய்வூதியம் பற்றிப் பேச்சே இல்லை. அதைச் சுமந்து வந்த சூட்கேஸ் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே ஒரு சில்லைப் பறிகொடுத்தது. இப்போது கோடிப்புறத்தில் அதற்குள் கோழி அடைகாக்கிறது.

எது 4202, எது 3923? பை எதற்காகச் செய்யப்பட்டது என்பதே கேள்வி, எவ்வளவு காலம் உழைத்தது என்பதல்ல, சட்டம் அப்படித்தான். ஆச்சியிடம் இதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பனையோலை உமல் தப்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். பின்னற் பொருள் என்று அதற்கும் ஓர் இலக்கம் உண்டு: 4602. சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போது ஞாபகமாகக் கொண்டுபோங்கோ.