பிரச்சினை தானா எந்திரிச்சுச்சாக்கும்!

ஏலே பேராண்டி, இப்படி உட்காரு. உன் மேனேஜருக்கு அனுப்பப்போற மெயிலை வாசிச்சுக் காட்டினியே, அசந்துபோனேன். சம்பளப் பட்டியல்ல ஒரு சைபரைக் கூடுதலாப் போட்டது நீ. எழுதியிருக்கதோ 'எ பிராப்ளம் அரோஸ்'. எங்க படுத்திருந்து எந்திரிச்சுச்சுலே அது?

கலெக்டர் ஆபீசுல ஃபைல் தூக்கின காலத்துலயே இந்த வித்தையைப் பாத்தவன் நான். கேட்டுக்க. தப்பு உன் மேலன்னா 'அரோஸ்' நல்ல சொல்லு. இன்னும் பயமா இருந்தா 'கிராப்டு அப்'னு போடு. அது சுரங்கக்காரன் பேச்சு. மண்ணுக்கடியில கெடந்த அடுக்கு வெளிய தலைகாட்டுறதுக்குச் சொன்னது. உன் சைபரும் ஆதியில இருந்தே பூமிக்குள்ள கெடந்ததுன்னு ஆயிரும்ல! பக்கத்து சீட்டுக்காரன் பண்ணினா மட்டும் 'காஸ்டு பை'னு எழுதி, இனிஷியலோட அவன் பேரைப் போடு.

லண்டன்காரனைப் பாரு. 1666-ல புட்டிங் லேன்ல, தாமஸ் ஃபாரினர்ங்கிற ரொட்டிக்காரர் கடையில தீப்பிடிச்சுது. அதுக்கு அவுக சொல்றது 'ஃபயர் பிரோக் அவுட்'. கட்டுத்தறியில நின்ன காளை கயித்தை அத்துக்கிட்டு ஓடின மாதிரி! அடுப்பை அணைச்சுட்டுத்தான் படுத்தேன்னு அந்த மனுசன் சாதிச்சாரு. 13,000-க்கு மேல வீடு சாம்பல். இனி 'காஸ்டு பை'க்கு ஒரு ஆளு வேணும்ல? ராபர்ட் ஹூபர்ட்ங்கிற பிரெஞ்சுக்காரன் நான்தான் வச்சேன்னு உளறி மாட்டினான். அவன் மேல குத்தம் சாட்டின தாள்ல ரொட்டிக்காரர் வீட்டு ஆளுகளும் கையெழுத்துப் போட்டுருக்காக, பாத்துக்க. தூக்குல போட்டாச்சு. அவன் லண்டன் வந்து சேர்ந்ததே தீப்பிடிச்சு ரெண்டு நாள் கழிச்சுன்னு பொறவுதான் தெரிஞ்சது. ரொட்டிக்காரக சங்கம் மன்னிப்புக் கேட்டது 1986-ல. 320 வருசம்! அவசரப்படாத சனம்.

உனக்கு அம்புட்டு அவகாசம் கெடையாதுய்யா. 'டியூ டு சிஸ்டம்'னு எழுதித் தப்பிக்கலாம்னும் பாக்காத. எந்த லாகின்ல, எத்தனை மணிக்கு அந்த சைபர் விழுந்துச்சுன்னு கம்ப்யூட்டரே காட்டிக்குடுத்துரும். அதைப் படிக்கிற அளவுக்கு உன் மேனேஜருக்கும் இங்கிலீஷ் தெரியும்.

முதல்ல அந்த சைபரை எடு. பொறவு 'ஐ மேட் எ மிஸ்டேக்'னு ஒத்தை வரி எழுதி அனுப்பு. அனுப்பிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டு.