பரம்பரை ஒல்லி

பெங்களூர் ஈஜிபுராவில் எந்தத் தர்ஷினி ஓட்டலுக்குள் நுழைந்தாலும் காலை எட்டரை மணிக்கு அவர் நிற்பார். முன்னால் காரா பாத்தும் கேசரி பாத்தும் அருகருகே வைத்த சௌசௌ பாத் ஒரு தட்டு, சாம்பாரில் முங்கிய இட்லி வடை ஒரு தட்டு, வரப்போகும் மசாலா தோசைக்கான டோக்கன் விரலிடுக்கில். கழுத்தெலும்பு காலருக்கு மேலே எட்டிப் பார்க்கும். பெல்ட்டில் கடைக்காரர் போட்டுத்தந்த ஓட்டைகள் போதாமல், ஆணியைச் சூடுபண்ணி இன்னும் இரண்டு போட்டிருப்பார். அவை வட்டமாகக்கூட இருக்காது.

அதே மேசையில் எதிரே நிற்பவன் நான். ஒற்றை இட்லியை எட்டாகப் பிட்டுவைத்து, சட்னியில் தேங்காய் ஜாஸ்தியா பொட்டுக்கடலை ஜாஸ்தியா என்று ஆராய்ந்துகொண்டிருப்பேன். அவர் முதலில் என் தட்டைப் பார்ப்பார். அப்புறம் என் வயிற்றைப் பார்ப்பார். அப்புறம் சொல்வார்:

“நம்ம உடம்பு வேற மாதிரி சார். எவ்வளவு தின்னாலும் ஒட்டறதே இல்ல.”

குறை சொல்கிற குரல், பெருமை வழிகிற முகம்.

இவர் ஓர் ஆள் அல்ல, ஓர் இனம். விவேக்நகரில் ஆட்டோ ஓட்டுவார். கோரமங்கலாவில் கம்ப்யூட்டர் தட்டுவார். நேஷனல் கேம்ஸ் வில்லேஜில் ரிட்டயர்டு அதிகாரியாக நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எங்கே இருந்தாலும் நமக்குச் சொல்ல அவரிடம் யோசனை இருக்கும். “ராத்திரி சாதத்தை நிறுத்திப் பாருங்க சார்.” “அகரா ஏரியை டெய்லி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.” “எல்லாத்துக்கும் மனசுதான் சார் காரணம்.” அவர் சாதத்தை நிறுத்தியதில்லை. ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மனசை எதற்கும் கஷ்டப்படுத்தியதும் இல்லை.

நாம் கஷ்டப்படுத்தாத மனசா? ஈஜிபுரா மேம்பால வேலை தொடங்கிய 2017இல்தான் நானும் டயட்டைத் தொடங்கினேன். பாலத்துக்காவது தூண்கள் எழும்பின. நானோ வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்தேன். கொள்ளு ரசம் வைத்தேன். ஓட்ஸைக் கஞ்சியாகவும் உப்புமாவாகவும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தோசையாகவும் வார்த்தேன். தோசையானதும் அது நம் வழிக்கு வந்துவிட்டது, நெய் கேட்டது. ராத்திரி சாதத்தை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுவது தமிழன் கண்டுபிடித்த வைத்தியம். ஒரு கரண்டி சாதம் போன இடத்தில் நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ளக் குருமா. ராகி முத்தே என்கிற களி உருண்டை நல்லது என்றார்கள். மெல்லாமல் விழுங்கவேண்டும் என்றும் சொன்னார்கள். மெல்லாததால் எத்தனை உருண்டை உள்ளே போனது என்கிற கணக்கும் தெரியவில்லை. ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் குடிக்கும் ‘பை டூ’ இந்த ஊரின் நல்ல பழக்கம். அதையும் கடைப்பிடிக்கிறேன், ஒரே உட்காரலில் இரண்டு தடவை.

நம் கணக்கு ஏன் உதைக்கிறது என்பதை நியூயார்க்கில் 1992இலேயே சோதித்துவிட்டார்கள். குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சாதித்த பத்துப் பேரைப் பிடித்து அளந்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் கிட்டத்தட்டப் பாதியை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. செய்த உடற்பயிற்சியைச் சொல்லும்போது மட்டும் கை தாராளம். பொய் சொன்னார்கள் என்றில்லை. குழந்தை மிச்சம் வைத்த பூரியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

இதையே திருப்பிப் போட்டால் நம் ஒல்லியார். நாம் தின்றதை மறக்கிறோம், அவர் தின்னாததை மறக்கிறார். காலை எட்டரை மணிக் காட்சியை ஊரே பார்க்கும். மத்தியானம் இரண்டரைக்குப் போன் பண்ணினால், “அடடா, சாப்பிடவே மறந்துட்டேன் சார்” என்பார். சாவியை மறக்கலாம், கல்யாண நாளை மறக்கலாம். மத்தியானச் சாப்பாட்டை ஒருவர் எப்படி மறப்பார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. பதினொன்றரைக்கே என் வயிறு எனக்கு நினைவூட்டத் தொடங்கிவிடும்.

மைசூர் பாக்கிடம் அவர் நடந்துகொள்வதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெய் கசிந்து அடியில் காகிதம் கண்ணாடியாகிவிட்ட துண்டு. ஓரத்தில் ஒரு கடி கடித்தார். போன் வந்தது. பேசிக்கொண்டே மிச்சத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பேசிக்கொண்டே மாடிக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். துண்டு அங்கேயே இருந்தது. வெறுப்பில் வைத்ததில்லை, விரதமும் இல்லை. அப்படியொன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. அடுத்த அரை மணி நேரத்துக்கு அந்த அறையில் எனக்கு வேறெதுவும் ஞாபகம் இல்லை.

அப்புறம் அந்தக் கால். உட்கார்ந்தால் ஆட்டுவார். ஆட்டவில்லை என்றால் எழுந்து நடப்பார். காலை ஆட்டினால் வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்று எல்லார் வீட்டுப் பாட்டியும் அதட்டியிருக்கிறாள். நாம் அடங்கினோம், அவர் அடங்கவில்லை. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி ஊட்டினார்கள். ஒருவர் உடம்பில் ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் ஜிம் அல்ல. நிற்பது, நடப்பது, நெளிவது, சும்மா இருக்கமுடியாமல் எதையாவது செய்துகொண்டிருப்பது. சிலர் உடம்பு மிஞ்சிய சோற்றை இப்படித் தானாகவே செலவழித்துவிடுகிறது. 1980களில் பெங்களூரில் பிறந்த தர்ஷினி, நாற்காலியே இல்லாத ஓட்டல். அது அவருக்கென்றே கட்டப்பட்டது. அங்கேயும் கடைவாசல் கல்திட்டு எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் உட்காருகிற ஜாதி நாங்கள்.

சும்மா இருக்கமுடியாத இந்தச் சுபாவத்தை அவர் முயற்சி பண்ணிச் சம்பாதித்தாரா? கனடாவின் கியூபெக்கில் 12 ஜோடி ஒருகரு இரட்டையர்களுக்கு இதேபோல் 84 நாள் ஊட்டிப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். எடை ஏறியது ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஆனால் ஒரு ஜோடிக்குள் பார்த்தால் அண்ணனை ஒட்டியே தம்பியும் ஏறியிருந்தான். ஒரே சோறு, ஒரே அளவு. உடம்பு மட்டும் தாய் தகப்பன் எழுதிவைத்த உயிலைப் படித்துக்கொண்டிருந்தது.

ஈஜிபுராவில் குடியிருப்பவர்களுக்கு இந்த உயில் சமாச்சாரம் புதிதல்ல. தாத்தா ராகி விதைத்த நிலத்தில் பேரன் ஐந்து மாடி எழுப்பியிருப்பார். மாதம் பிறந்தால் வாடகை, புதுக் குடித்தனம் வந்தால் பத்து மாத அட்வான்ஸ். தண்ணீர் லாரிக்குக் காசு வாங்க மேலே வரும்போது நம் வீட்டில் புது ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு, “சேமிக்கணும் சார், இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சேமிப்பே தெரியறதில்ல” என்பார். தர்ஷினியில் எனக்குப் புத்தி சொல்கிறவரும் இந்த மாதிரி வீட்டுக்காரர்தான். சொத்து வேறு, பேச்சு ஒன்று.

அதற்காக அவர் பாடு சுகம் என்று சொல்லிவிட முடியாது. கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி கையைப் பிடித்துப் பார்த்து, “என்னடா, வீட்ல சோறு போடறாளா இல்லையா?” என்பாள், பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. சூட்டு உடம்பு என்பார் ஒருவர். வயிற்றில் பூச்சி என்று மாத்திரை எழுதித்தருவார் இன்னொருவர், அவர் டாக்டராகவும் இருக்கமாட்டார். ஷேர் ஆட்டோவில் மூணு பேர் சீட்டில் நாலாவதாகத் திணிக்கப்படுவது எப்போதும் இவர்தான். ரத்ததான முகாமில் 45 கிலோ தேறாது என்று ஜூஸ்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவார்கள். அவர் இனத்துப் பெண்ணுக்கோ, “உனக்கென்னடி, கொடுத்துவெச்சவ” என்பதும், “பிள்ளை பெத்துக்க உடம்புல தெம்பு இருக்கா?” என்பதும் ஒரே பந்தியில், ஒரே வாயிலிருந்து வரும்.

அடிவயிற்றில் அவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2004இல் ‘லான்செட்’ இதழில் ஒரு போட்டோ வந்தது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, குண்டென்று யாரும் சொல்லமாட்டார்கள். உள்ளே அளந்தால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. லண்டன்காரர் மாரத்தான் ஓடுகிறவர். தமது உடற்பயிற்சி, ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் என்று யாஜ்னிக்கே வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார். கை கால் குச்சி, கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள். இதற்கு ‘ஒல்லிக் குண்டு’ என்றே பெயர் வைக்கலாம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். இத்தனை கோடியும் குண்டர்களாக இருக்க வழியில்லை.

ஆகவே ஒருநாள் அப்பார்ட்மென்ட் இலவச முகாமில் நம் ஒல்லியார் விளையாட்டாகக் கையை நீட்டுவார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கும். டேப்பைச் சுற்றினால், தொளதொள சட்டைக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்த சின்னத் தொப்பை அகப்படும். “மெஷின் சரியில்லை” என்பார். வேறு லேபில் எடுப்பார். அங்கேயும் மெஷின் அதையே சொல்லும்.

மறுநாள் தர்ஷினியில் என்னைத் தேடி வருவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், இந்த ஓட்ஸ்… எப்படிச் சாப்பிடறது? ராத்திரி எத்தனை சப்பாத்தி?” என்பார்.

கொள்ளு, சிறுதானியம், வெந்தயம், சைக்கிள், யோகா, விரதம் எல்லாவற்றிலும் பயின்று, எதிலும் தேறாமல், ஆனால் பாடம் அத்தனையும் மனப்பாடமாக இருக்கிற ஒருவனுக்கு முதல் மாணவன் கிடைத்த நாள் அது. வஞ்சகமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லித்தந்தேன். எதைச் சாப்பிடக்கூடாது என்று வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது என்று ஒரு வெண்ணெய் மசாலா தோசையை வரவழைத்து, கடைசித் துண்டுவரை செய்தும் காட்டினேன்.