அனுமார் ஒத்திகை பார்க்கவில்லை

மேக்கரை மலையிலிருந்து இறங்கி, அடவிநயினார் அணையில் கொஞ்சம் இளைப்பாறி, எங்கள் வடகரைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆற்றுக்கு அனுமன் நதி என்று பெயர். நேர் தெற்கே போனால் மகேந்திரகிரி. சீதையைத் தேடிக் கடல் தாண்ட அனுமார் கால் ஊன்றி எழும்பியது அந்த மலையில்தான் என்று எங்கள் பக்கத்தில் அடித்துச் சொல்வார்கள். ஒடிசாவிலும் இதே பெயரில் ஒரு மலை இருப்பதை நாங்கள் கண்டுகொள்வதில்லை.

அனுமார் கிளம்பிய விதம் எல்லாருக்கும் தெரியும். சோர்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் ஜாம்பவான் வந்து, உன் பலம் உனக்கே மறந்துபோச்சு என்று நினைவூட்டினார். அவ்வளவுதான் பயிற்சி. எழுந்தார், வளர்ந்தார், மலையை ஒரு மிதி மிதித்தார், போய்விட்டார். நூறு யோசனை தூரம். ஒத்திகை கிடையாது, டாக்டர் சர்ட்டிபிகேட் கிடையாது, பயணப்படி கிடையாது. குழந்தையாக இருந்தபோது சூரியனைப் பழமென்று நினைத்துப் பாய்ந்து தாடையில் அடி வாங்கியது ஒன்றை வேண்டுமானால் சோதனை ஓட்டக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அமெரிக்காவுக்கு ஜாம்பவானாக வாய்த்தவர் கென்னடி. 1961 மே 25 அன்று நாடாளுமன்றத்தில் நின்று, பத்தாண்டு முடிவதற்குள் நிலாவில் ஆள் இறக்கித் திருப்பிக் கொண்டுவருவோம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அமெரிக்கர்களின் மொத்த விண்வெளி அனுபவம், இருபது நாளுக்கு முன் ஆலன் ஷெப்பர்ட் மேலே போய்விட்டு வந்த 15 நிமிடம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் குற்றாலம் போய் இறங்குகிற நேரம். அதுவும் சீசன் இல்லாத நாளில். இதை வைத்துக்கொண்டு மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

போவது இருக்கட்டும், எங்கே போய்ப் பழகுவது? நீச்சல் பழகக் குளம் வேண்டும். நிலாவில் இறங்கிப் பழக நிலா வேண்டுமே. எங்கள் பக்கம் கணியான் கூத்தில் ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடுவார்கள். அதுபோல, பூமிக்கே நிலா வேஷம் கட்டிவிடுவதென்று நாசாக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

முதல் சிக்கல் எடை. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆள் பத்து கிலோ ஆளாக நடக்க வேண்டும். பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தவனுக்கு உடம்பு ஆறு மடங்கு கனத்தது போலத் தெரியும் இல்லையா, அதற்கு நேர் எதிர். வர்ஜீனியாவில் லாங்லி என்ற இடத்தில் இதற்கு வழி கண்டார்கள். ஆளைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு, தலை, இடுப்பு, கால் எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி, உறியில் தயிர்ச்சட்டியைத் தொங்கவிடுவதுபோலத் தொங்கவிட்டார்கள். பாதம் மட்டும் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்ற ஒரு பலகைச் சுவரில் படும். அந்தச் சுவர்தான் நிலா. உடம்பின் பாரத்தில் ஆறில் ஐந்தைக் கயிறு வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை வைத்துக்கொண்டு சுவரில் குதித்துக் குதித்து ஓட வேண்டும். போர் விமானம் ஓட்டிய சூரர்கள் பல்லிபோலச் சுவரில் ஓடிய படங்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்தால் மரியாதை வராது. ஆனால் நிலாவில் நடப்பதைவிடத் துள்ளுவது லேசு என்பதை இங்கேயே பழகிக்கொண்டார்கள்.

அடுத்தது தரை. அரிசோனாவில் பிளாக்ஸ்டாப் ஊருக்குப் பக்கத்தில் எரிமலைச் சாம்பல் படிந்த ஒரு பொட்டல். 1967 ஜூலையில் அங்கே டைனமைட்டும் அமோனியம் நைட்ரேட்டும் புதைத்து 47 பள்ளங்களைத் தோண்டினார்கள். சும்மா தோண்டவில்லை. நிலாவில் அமைதிக் கடல் என்கிறார்களே, அங்கே ஒரு துண்டு இடத்தை விண்கலம் எடுத்த படத்தைப் பார்த்து, எந்தப் பள்ளம் எங்கே, எந்த அளவு என்று அச்சு அசலாக. பழைய பள்ளம் முதலில் வெடிக்கும், புதிய பள்ளம் பிறகு வெடித்து அதன் மண்ணைப் பழையதன் மேல் தூவும். பள்ளத்துக்குக்கூட மூப்பு பார்த்து வெடிவைத்த தேசம் அது. இந்த இடத்தில் நம் ஊர் ரோட்டைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்ல மாட்டேன். 2019-ல் பெங்களூரில் பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர் ஒரு நடிகருக்கு விண்வெளி உடை போட்டு, குண்டும் குழியுமான தெருவில் நிலாநடை நடக்கவைத்து, அந்த நகைச்சுவையை முழுசாகக் குத்தகை எடுத்துவிட்டார்.

காட்டுக்கும் அனுப்பினார்கள். திரும்பி வரும்போது கலம் எங்கே விழும் என்று நிச்சயம் இல்லாததால், பனாமா காட்டில் விட்டுப் பாம்பும் உடும்பு வகையறாவும் தின்று பிழைக்கச் சொன்னார்கள். நெவாடா பாலைவனத்தில் பாராசூட் துணியைக் கிழித்து அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த அரபு ஷேக்குகள்போல நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேக்கரைப் பக்கம் அனுப்பியிருந்தால் பாம்பு தின்கிற வேலை இருந்திருக்காது. தோப்புக்குள் ராத்திரி இறங்குகிற யானையிடமிருந்து தென்னையையும் தன்னையும் காப்பாற்றப் பழகியிருப்பார்கள். அது கொஞ்சம் மேல்படிப்பு.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. கட்டில்.

நிலாவில் காற்று இல்லை, அதனால் இறக்கையோ சுழல்விசிறியோ செல்லாது. நெருப்பைக் கீழ்நோக்கிக் கக்கிக்கொண்டு நின்று நிதானமாய் இறங்க வேண்டும். இதைப் பழக பெல் கம்பெனி ஒரு வண்டி செய்து கொடுத்தது. நாலு கால், நடுவில் கீழ்நோக்கிய ஒரு ஜெட் எஞ்சின், முன்னால் ஒரு நாற்காலி. ஜெட் எஞ்சின் வண்டியின் எடையில் ஆறில் ஐந்தைத் தாங்கிக்கொள்ளும். மீதியை ஓட்டுபவன் ஹைட்ரஜன் பெராக்சைடு பீச்சுகிற சின்ன ராக்கெட்டுகளால் சமாளிக்க வேண்டும். 1964 அக்டோபர் 30-ல் ஜோ வாக்கர் முதலில் ஓட்டினார். பார்த்தவர்கள் அதற்குப் பறக்கும் கட்டில் என்று பெயர் வைத்தார்கள். கயிற்றுக்கட்டிலுக்கு அடியில் ஆயிரம் வாணத்தைக் கட்டிப் பற்றவைத்துவிட்டு மேலே உட்கார்ந்துகொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

1968 மே 6 அன்று கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் நீல் ஆம்ஸ்ட்ராங். இறங்கும் நேரத்தில் சாமி வந்ததுபோல வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. சிறு ராக்கெட்டுகள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. தரைக்குச் சுமார் 200 அடி உயரத்தில், நாற்காலியோடு தன்னைத் தூக்கி எறிகிற விசையை இழுத்தார். அவர் பாராசூட்டில் தொங்க, கட்டில் தரையில் மோதித் தீப்பிடித்தது. ஆளுக்குச் சேதம் நாக்கைக் கடித்துக்கொண்டது மட்டும்.

நம் வீட்டில் சைக்கிளில் விழுந்தவனே இரண்டு நாள் படுப்பான், வேப்பிலை அடித்துத் திருநீறு போட்டு, ஊரெல்லாம் வந்து விசாரித்துவிட்டுப் போகும். ஆம்ஸ்ட்ராங் அன்றைக்கே ஆபீசுக்குப் போய் மேசையில் உட்கார்ந்து காகிதம் பார்த்தார். விஷயத்தை வெளியே கேள்விப்பட்டு ஓடிவந்த சக வீரர் ஆலன் பீன், நிஜமா என்று கேட்க, ஆமாம், கட்டுப்பாடு போயிற்று, குதிக்க வேண்டியதாயிற்று என்கிற அளவில் பேச்சை முடித்துவிட்டாராம். மொத்தம் ஐந்து கட்டில் செய்தார்கள், மூன்று நொறுங்கின. ஓட்டியவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். மேலதிகாரிகள் வேண்டாம் இந்த எமன் என்றார்கள். ஓட்டுகிறவர்கள் விடமாட்டோம் என்றார்கள். காரணம் இருந்தது. மற்ற ஒத்திகை எல்லாவற்றிலும் தப்புச் செய்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இதில் மட்டும்தான் பயம் அசல்.

இனி சுரசை. அனுமார் பாதி வழி போனபோது தேவர்கள் சுரசையை அனுப்பி, வாயைப் பிளந்துகொண்டு மறிக்கச் சொன்னார்கள் அல்லவா? கொல்வதற்கு இல்லை, இவன் என்ன செய்கிறான் என்று பார்க்க. ஹூஸ்டனில் அந்த வேலைக்கு ரிச்சர்ட் கூஸ் என்று ஒருவர். பயிற்சி நடக்கும்போது எந்த இடத்தில் எதைப் பழுதாக்கலாம் என்று யோசிப்பதற்குச் சம்பளம். 1969 ஜூலை முதல் வாரத்தில், நிஜப் பயணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், பாவனை இறக்கத்தின் நடுவே கம்ப்யூட்டரில் 1201 என்று ஓர் எச்சரிக்கை எண்ணை வரவைத்தார். கட்டுப்பாட்டு அறையில் 26 வயது ஸ்டீவ் பேல்ஸ். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று தெரியவில்லை. இறங்காதே, திரும்பு என்று சொல்லிவிட்டார். தப்பு. அது கம்ப்யூட்டர், வேலை அதிகமாக இருக்கிறது, முக்கியமானதை மட்டும் பார்க்கிறேன் என்று முனகுகிற எண். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன், ‘அப்பளம் அப்புறம், முதலில் சோறு’ என்கிற மாதிரி. அதற்காகப் பந்தியை நிறுத்துவார்களா?

வாங்கிக் கட்டிக்கொண்டபின், எல்லா எச்சரிக்கை எண்களுக்கும் அர்த்தம் எழுதி வைக்கச் சொன்னார்கள். 24 வயது ஜாக் கார்மன் கையாலேயே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார். நிஜ இறக்கத்தில் என்ன வந்தது? 1202. பிறகு 1201. பரீட்சைக்கு முன்தினம் தப்பாக எழுதிய கணக்கே வினாத்தாளில் வந்து நிற்கிறது. கார்மன் காகிதத்தைப் பார்த்தார், பேல்ஸ் போகலாம் என்றார். கீழே பாறைக் குவியலாக இருக்க, ஆம்ஸ்ட்ராங் வண்டியைக் கையில் வாங்கி, கட்டிலை ஓட்டியதுபோல ஓட்டித் தாண்டி, ஒரு நிமிடத்துக்கும் எரிபொருள் மிச்சமில்லாத நிலையில் இறக்கினார். நமக்கு அப்போது ஜூலை 21 அதிகாலை 1.47. பிறைக்குக் கொஞ்சம் பெருத்த நிலா, மேற்கே எங்கள் மலைக்குப் பின்னால் எப்போதோ போய்ப் படுத்துவிட்டிருந்தது.

கல் பொறுக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், நாமக்கல்லுக்குப் போக அது வேண்டும். விமானிகளுக்குப் புவியியல் வகுப்பு என்றால் கொட்டாவி. லீ சில்வர் என்ற பேராசிரியர் அவர்களைக் கலிபோர்னியா மலைகளுக்கு இழுத்துப்போய், கல்லைப் பார்த்துக் கதை சொல்லப் பழக்கினார். அப்படிப் பழகிய டேவ் ஸ்காட்டும் ஜிம் இர்வினும் 1971 ஆகஸ்ட் 1-ல் நிலாவில் ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்துப் பரவசப்பட்டார்கள். அனார்த்தசைட். வயது 400 கோடி ஆண்டுக்கு மேல். நிலா ஒரு காலத்தில் உருகிக் கொதித்தபோது, காய்ச்சிய பாலில் ஆடை மிதப்பதுபோல மேலே மிதந்து உறைந்த சரக்கு. நாம் பார்க்கிற நிலாவின் வெள்ளை முழுக்க அந்த ஆடைதான்.

நம் இஸ்ரோ நிலாவில் ரோவர் ஓட்ட நினைத்தபோது அதே சிக்கல்: பழக மண் வேண்டும். அமெரிக்காவில் செயற்கை நிலா மண் கிடைத்தது. கிலோ 150 டாலர். வேண்டியதோ 60, 70 டன். தங்கமா, நல்லெண்ணெயா, மண்ணய்யா! அப்போது புவியியல்காரர்கள் சேலத்துப் பக்கம் கை காட்டினார்கள். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர். அங்கே அனார்த்தசைட் சும்மா கிடக்கிறது, சுமார் 250 கோடி ஆண்டாக. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் அன்பழகன் குழு கல்லை ஆராய்ந்து சொல்ல, கல்லை உடைத்து, அரைத்து, நிலாத்தூள் பதத்துக்குச் சலித்து, பெங்களூருக்கு அனுப்பினார்கள். 25 கோடி ஆகும் என்று நினைத்த வேலை, செய்து கொடுத்தவர்கள் காசு வாங்காததால் மிகக் குறைவில் முடிந்தது என்று விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை சொன்னார். 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல், நிலாவுக்கும் காப்புரிமை எடுத்த கதை இது. அந்த ஊரில் 18 அடி ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்பதற்கு அதுவரை வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூரில் அந்த மண்ணைக் கொட்டி, ரோவரின் பாரத்தைக் குறைக்க ஹீலியம் பலூன் கட்டி இழுத்து ஓட்டிப் பார்த்தார்கள். பலூன் கட்டிய வண்டி! திருவிழாவில் நாங்களும்தான் கட்டினோம், யாரும் விஞ்ஞானி என்று சொல்லவில்லை. கர்நாடகத்தில் செல்லக்கெரேயில் செயற்கைப் பள்ளம் வெட்டி, மேலே பறந்து கருவிகளைப் பழக்கினார்கள். மகேந்திரகிரியில் லேண்டரின் எஞ்சின்களை எரித்துப் பார்த்தார்கள். 2019 செப்டம்பரில் விக்ரம் என்ற அந்த லேண்டர் கடைசி நேரத்தில் தொலைந்தது. அடுத்த முறை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டும், டவர் கிரேனில் கட்டி நெருப்பைக் கக்கவிட்டும், நிலா மண்ணில் கால்களை விதவிதமாகப் போட்டும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். லாங்லி உறியேதான், தயிர்ச்சட்டி மட்டும் மாறியிருந்தது.

2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6.04. விக்ரம் இந்த முறை இறங்கிவிட்டது. டீக்கடையில் டி.வி. முன்னால் நின்ற கூட்டம் கைதட்டி முடித்ததும் வெளியே வந்து பார்த்தோம். அரை நிலா, சரியாகத் தெற்கே, மகேந்திரகிரி இருக்கிற திசைக்கு மேலே நின்றது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி நிறுத்திவைத்துத் திட்டுகிற அதே நிலா.

“அண்ணாச்சி, கருப்பா தெரியுதே, அதுதான வடை சுடுத பாட்டி?” என்றான் ஒரு பொடியன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “அது பாட்டி. சுத்தி வெள்ளையா கெடக்குல்லா, அது நாமக்கல்லு.”