தொட்டுக்கொள்ள ஒரு குற்றவாளி

"பார்டர்ல இருக்கு சார்" என்றார் டாக்டர். அவர் சொன்ன தோரணையில் எனக்கு முதலில் லடாக்தான் ஞாபகம் வந்தது. பிறகுதான் கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்.பி.ஏ.1.சி. 6.2. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை ஒரே நம்பரில் போட்டுக் கொடுத்துவிடும் டெஸ்ட் அது. 5.7-க்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி, நடுவில் நிற்பவன் பார்டர்.

மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஓர் அச்சடித்த சீட்டைக் கொடுத்தார்கள். இடது பக்கம் பச்சையில் 'சாப்பிடலாம்', வலது பக்கம் சிவப்பில் 'தவிர்க்கவும்'. சிவப்பில் முதல் பெயர் உருளைக்கிழங்கு. அதற்குக் கீழே சேனை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி என்று குடும்பமே வரிசையாக நின்றது. சோறு பச்சைப் பக்கத்தில் இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அளவோடு' என்று போட்டு. எங்கள் வீட்டில் அடைப்புக்குறிக்குள் இருப்பதை யாரும் வாசிப்பதில்லை.

என் மனைவி அன்று சாயங்காலமே நடவடிக்கையில் இறங்கினாள். கூடையில் கிடந்த ஒன்றரைக் கிலோ கிழங்கு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் மதியம் என் தட்டில் வழக்கம்போல சாம்பாருக்கு மூன்று கரண்டி சோறு, ரசத்துக்கு இரண்டு, மோருக்கு ஒன்று. தொட்டுக்கொள்ளப் புடலங்காய்க் கூட்டு.

"உருளைக்கிழங்கை நிறுத்தியாச்சுல்லங்க, இனிமே சுகர் தன்னால இறங்கிரும்" என்றாள். சோற்று மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

வ.உ.சி. மைதானத்தில் என்னோடு நடக்கிறவர்கள் இன்னும் கறாரானவர்கள். "மண்ணுக்கு அடியில விளையுற எதையும் தொடாதீங்க" என்றார் ஒரு ரிட்டயர்டு அதிகாரி. மண்ணுக்கு அடியில்தானே வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் விளைகின்றன என்று கேட்டேன். அது வேற என்றார். நடந்து முடித்ததும் டீக்கடையில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கினார். வேர்க்கடலை எங்கே விளைகிறது என்று கேட்க நினைத்தேன். பாதிப் பொட்டலத்தை என் கையில் கொட்டிவிட்டதால் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கிழங்கின் மேல் வழக்கு போடுவது புதிதும் இல்லை. நான் பையனாக இருந்தபோது குற்றம் 'வாயு'. தாத்தாவின் முழங்கால் வலி, அத்தையின் நெஞ்சுக் கரிப்பு, ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா எழுப்பிய சத்தம் எல்லாம் உருளைக்கிழங்கின் கணக்கில்தான் எழுதப்பட்டன. பிரான்ஸில் இதைவிட மோசம். கிழங்கு தின்றால் குஷ்டம் வரும் என்று பயந்து 1748-ல் தடையே போட்டார்கள். அப்புறம் பார்மென்டியே என்று ஒரு மருந்தாளர், ஏழாண்டுப் போரில் பிரஷ்யாக்காரர்களிடம் சிறைப்பட்டு, அங்கே போட்ட கிழங்கைத் தின்று முழுசாகத் திரும்பி வந்து, அதற்காக ஆயுள் முழுக்க வாதாடினார். 1772-ல் பாரிஸ் மருத்துவர்கள் 'சரி, சாப்பிடலாம்' என்று இறங்கி வந்தார்கள். ஜனங்கள் இறங்கவில்லை. ஆகவே அவர் பாரிஸுக்கு வெளியே ஒரு வயலில் கிழங்கு போட்டு, பகலில் சிப்பாய்களைக் காவல் நிறுத்தி, ராத்திரியில் மட்டும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். காவல் போடுகிற அளவுக்கு என்னவோ உசத்தியான சரக்கு என்று ஜனங்கள் இருட்டில் வந்து தோண்டிக்கொண்டு போனார்களாம்.

என் மனைவி பார்மென்டியே பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் செய்தது அதே வேலைதான். தடை விழுந்த நாலாம் நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு, ஐம்பத்து மூன்று வயதான நான், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தள்ளுவண்டியின் இருட்டான ஓரத்தில் நின்று உருளைக்கிழங்கு போண்டா தின்றேன். இரண்டு. சட்னி வேஷ்டியில் சொட்டிவிட்டது. வீட்டில் அதற்கு ஒரு தனி விசாரணை நடந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் படிக்க ஆரம்பித்தேன். வேகவைத்த உருளைக்கிழங்கு நூறு கிராமில் கிட்டத்தட்ட 87 கலோரி. வெந்த வெள்ளைச் சோறு நூறு கிராமில் 130. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதுதான் காரணம். மிச்சத்தில் மாவோடு பொட்டாசியமும் வைட்டமின் சி-யும் இருக்கின்றன. சோற்றில் வைட்டமின் சி என்ற பேச்சே கிடையாது.

1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 38 வகை உணவு, ஒவ்வொன்றிலும் சரியாக 240 கலோரி, சாப்பிட்ட ஆளிடம் இரண்டு மணி நேரம் வரைக்கும் 'இப்போ பசிக்கிறதா, இப்போ?' என்று கால் மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மார்க் என்று வைத்தால், வெண்ணெய் ஒழுகும் குரோசான்ட்டுக்கு 47. எல்லாரையும் தாண்டி முதல் மார்க் வாங்கியது வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. வயிறு நிறைகிற விஷயத்தில் அதன் கிட்டே யாரும் நெருங்கவில்லை.

கிளைசெமிக் இண்டெக்ஸ் பாடத்தில் மட்டும் என் கட்சிக்காரர் மாட்டிக்கொள்கிறார். சாப்பிட்டது எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்க 1981-ல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த கணக்கு அது. வேகவைத்த கிழங்குக்குச் சராசரி 78 போட்டிருக்கிறார்கள். ஏற்றத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதே அட்டவணையில் வெள்ளைச் சோறு 73. ஐந்து மார்க் வித்தியாசத்துக்கு ஒருவர் சிவப்புப் பக்கம், ஒருவர் பச்சைப் பக்கம்.

2025-ல் ஹார்வர்டுக்காரர்களின் ஆய்வு ஒன்று பிஎம்ஜே இதழில் வந்தது. இரண்டு லட்சம் அமெரிக்கர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்தவர்கள். வாரம் மூன்று தடவை பிரெஞ்ச் ஃபிரைஸ் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல். அவித்தும் சுட்டும் மசித்தும் தின்றவர்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. கிழங்குக்குப் பதில் முழுதானியம் தின்றால் நல்லது என்றும், கிழங்குக்குப் பதில் வெள்ளைச் சோறு தின்றால் மோசம் என்றும் அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியை மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

"அமெரிக்காக்காரன் சோத்தைப் பத்தி என்ன கண்டான்?" என்றாள்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. பெருவில் மலைக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் கிழங்கைத் தின்றால் கிழங்கைத்தான் தின்றார்கள். அதுதான் அவர்களுக்குச் சோறு. நமக்கு அது காய். கத்தரிக்காய், வெண்டைக்காய் வரிசையில் வைத்து, எண்ணெயில் முறுகவிட்டு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோம். பூரிக்குள்ளும் தோசைக்குள்ளும் மசாலாவாகப் போகிறது. மாவை மாவுக்குள் வைத்து மடித்து எண்ணெயில் போட்டு எடுத்தால் அதற்கு சமோசா என்று பெயர். நாலு பேராகச் சேர்ந்து செய்த காரியத்துக்குக் கிழங்கு மட்டும் உள்ளே போகிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு ஆணையத்தின் தலைவர் கிறிஸ் வாய்க்ட், 2010-ல் 60 நாள் வெறும் கிழங்கு மட்டுமே தின்றார். ஒரு நாளைக்கு இருபது. அரசாங்கத்தின் ஏழைத் தாய்மார் உணவுத் திட்டத்தில் கிழங்கைச் சேர்க்கவில்லை என்ற கோபம். முடிவில் ஒன்பதரைக் கிலோ இறங்கியிருந்தார், கொலஸ்ட்ராலும் குறைந்திருந்தது. கிழங்கு விற்பவர் சங்கத்துக்காரர் சொல்வதை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுக்க வேண்டும், கிழங்குக்கும் அது பொருத்தம்தான். இதை மனைவியிடம் சொன்னதும் அவள் கேட்ட ஒரே கேள்வி: "அந்தாளுக்கு வீட்ல பொண்டாட்டி இல்லையா?"

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ராத்திரிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. நாலு தோசைக்குப் பதில் மூன்று கிழங்கு. எண்ணெய் கிடையாது. அவித்தது மட்டும்.

மார்க்கெட்டில் இரண்டு குவியல் இருந்தன. ஒன்று ஆக்ரா கிழங்கு, மழமழவென்று சோப்புப் போட்டுக் குளித்ததுபோல. இன்னொன்று ஊட்டிக் கிழங்கு, மேலெல்லாம் மண்ணோடு, விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "மண்ணுக்கும் சேர்த்தா அண்ணாச்சி துட்டு?" என்றேன். "மண்ணு இல்லன்னா ஊட்டின்னு நம்ப மாட்டீய" என்றார். பச்சை படர்ந்த இரண்டைப் பொறுக்கி எடுத்துத் திருப்பி வைத்தேன், வெயில் பட்டுப் பச்சை ஏறின கிழங்கு உடம்புக்கு ஆகாது. தராசுத் தட்டில் அவர் அதையே மறுபடி போட்டார். நான் மறுபடி எடுத்தேன். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஊட்டிக் கிழங்கு வெந்ததும் தோல் தானாக வெடித்து விரியும். சூட்டோடு உரிக்க வேண்டும், அதற்கு இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகப் பந்து போடவும் தெரிய வேண்டும். இரண்டாகப் பிட்டால் உள்ளே மஞ்சள் கலந்த வெண்மையில் மாவு பொலபொலவென்று உதிரும். ஆவி கண்ணாடியில் படியும். கல்லுப்பைப் பொடித்து மிளகோடு தூவி வாயில் போட்டால், ஐம்பது வருஷமாக இந்தக் காயின் உண்மையான ருசியை மிளகாய்த்தூள் மறைத்து வைத்திருந்தது தெரிந்தது. மூன்றாவது கிழங்கைப் பாதிக்கு மேல் முடிக்க முடியவில்லை. சிட்னிக்காரர்கள் சரியாகத்தான் மார்க் போட்டிருக்கிறார்கள்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உள்ளே இருந்து எண்பது வயது அம்மாவின் குரல்.

"ஏல, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"என்னத்தச் சாப்பிட்ட?"

"கிழங்கு."

"அது சரி. சாப்பிட்டியா?"

இதற்கு எந்த நாட்டு ஆராய்ச்சியிலும் பதில் கிடையாது. அம்மாவின் அகராதியில் சாப்பிடுவது என்றால் சோறு. இட்லி, தோசைக்குப் பலகாரம் என்று ஒரு அந்தஸ்து உண்டு. கிழங்குக்கு அதுவும் இல்லை, அது 'கொறிக்க'. முதல் வாரம் முழுக்க நான் பட்டினி கிடப்பதாகத் தெருவில் சேதி பரவியது.

இரண்டாம் வாரம் புத்தியாக வேலையைச் சுருக்கினேன். காலையிலேயே அவித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. ஆறவைத்தால் கிழங்கு மாவில் ஒரு பகுதி இறுகிக்கொள்கிறது, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் நல்ல கிருமிகளுக்குத் தீனியாகிறது, சர்க்கரையும் கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது. சோற்றுக்கும் இதே விதிதான். இதை அம்மாவுக்கு ஒரு விஞ்ஞானி போல விளக்கினேன். தன் கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல், "அப்பம் பழையது நல்லதுங்க. அதத்தான நான் அறுவது வருசமா திங்கேன்? இதுக்கு ஃபிரிட்ஜு வேறயா?" என்றாள். சின்ன வெங்காயத்தைக் கடித்த சத்தம் அதற்குமேல் வாதத்துக்கு இடமில்லை என்று அறிவித்தது.

அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. திருநெல்வேலிக்காரன் வீட்டில் பொங்கல் என்றால் கிழங்குத் திருவிழா. சிவப்புப் பக்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். மனைவி சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே அனுப்பினாள். சேனை, போ. சேம்பு, போ. அடுத்து சிறுகிழங்கு. சீட்டை மேலிருந்து கீழே வாசித்தாள். திருப்பியும் பார்த்தாள். சிறுகிழங்கு என்று ஒரு கிழங்கு இருப்பதே அதை அச்சடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பனங்கிழங்கும் இல்லை.

"பேரு இல்லல்லா? பொறவென்ன" என்றாள் அம்மா. முற்றத்தில் சாக்கை விரித்தாள். சிறுகிழங்கைக் கத்தியால் சீவ ஆரம்பித்தால் தை முடிந்து மாசி வந்துவிடும். சாக்குக்குள் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்து, துவைகல்லில் நாலு சாத்து சாத்தவேண்டும். தோல் உரிந்து, விரல் நுனியெல்லாம் கறுப்பாகி, கிழங்கு கண்ணைத் திறந்துகொண்டு வரும். சாத்துவது என் வேலை. அன்றைய உடற்பயிற்சியாக அதையே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

சாக்கை அடித்துக்கொண்டே மனைவிக்கு பப்புவா நியூ கினி பக்கம் கிடாவா தீவின் கதையைச் சொன்னேன். ஸ்டாஃபான் லிண்டபெர்க் என்ற ஸ்வீடன் டாக்டர் போய்ப் பார்த்தபோது, அங்கே வள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சேம்பும்தான் முக்கியச் சாப்பாடு. மாரடைப்பும் பக்கவாதமும் அநேகமாகக் கிடையாது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பீடி சிகரெட் மாதிரி எதையாவது புகைக்கிறவர்கள் என்ற வரியை நான் சொல்லவில்லை. அவர்கள் தோட்டத்தில் கொத்துகிறவர்கள் என்பதைச் சொல்லாமலே அவளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மாசியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.9. இன்னும் பார்டர்தான், ஆனால் நம் பக்கமாக நாலடி தள்ளி. தினம் விரட்டி நடக்கவைத்தது தான்தான் என்றாள் மனைவி. இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாக அம்மா சொன்னாள். நான் கிழங்கைப் பற்றி வாயைத் திறந்தேன், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்ததால் மூடிக்கொண்டேன்.

அன்று மதியம் மனைவிக்கு ரொம்ப சந்தோஷம். தானே மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ ஊட்டிக் கிழங்கு வாங்கி வந்து, இரும்புச் சட்டியில் தாராளமாக எண்ணெய் விட்டு, சோம்பு தட்டிப்போட்டு, ஓரமெல்லாம் முறுகமுறுக வறுத்திருந்தாள். தட்டில் மலை பழைய உயரத்துக்கு எழுந்திருந்தது. அடிவாரத்தில் கிழங்கு.

"இன்னும் ரெண்டு கரண்டி சோறு வைக்கட்டாங்க?" என்றாள். "தொட்டுக்கத்தான் இவ்வளவு இருக்கே."